மேப்பில் இன்னும் தெரிகிற முகம்

மக்கா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம் உளுந்து டப்பாவுக்குள் கையை விட்டதுதான். சிலுவை போடவில்லை, வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைக்கவில்லை. பழந்துணியில் சுற்றி உளுந்துக்குள் புதைத்து வைத்திருந்த என் போனை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மேப்பைத் திறந்தேன். அது திறக்க எடுத்துக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் முகம் வந்தது. நேற்று சாயந்திரம் பார்த்த அதே தெருவில், சின்ன வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சிலுவை போடத் தோன்றியது. போனை மறுபடியும் உளுந்துக்குள் வைத்து மூடினேன். யாராவது பார்த்துக் கேட்டால், தண்ணீரில் விழுந்துவிட்டது, ஈரம் இழுக்க வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு பொய் தயாராக இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா கடலில். நீ ஹைதராபாத்தில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில். ஒளித்து வைப்பது நாளை வரப்போகிறவர்களிடமிருந்து. அவர்கள் இன்றைக்கே வந்துவிட்டதுபோல் என் கை நடந்துகொள்கிறது.

அவள் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். என் அண்ணன் மகள்; உன் பெரிய மாமா மகள்; உனக்கென்று குடும்பத்தில் எல்லோரும் பேசி வைத்து, நீங்கள் இருவர் மட்டும் பேசி வைக்காத பெண். மாதா கோயில் திருவிழா முடிந்து கொடி இறங்கிய மறுவாரம் அவள் கூடப் படித்த பையனோடு போய்விட்டாள். பையனுக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊர். மழையை நம்பி மல்லியும் மிளகாயும் போடுகிற குடும்பம். வேதமும் வேறு, ஆட்களும் வேறு. இருவருக்கும் வயது வந்துவிட்டது, பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது என்று கேள்வி. அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எந்த ஊரில் அவள் முகம் தெரிகிறது என்பதையும் எழுத மாட்டேன். இதைப் போனில் தட்டாமல் தாளில் எழுதுவதும் நீ கற்றுக்கொடுத்ததுதான். துறைமுகத்துச் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கிற எங்கள் ஆபீஸுக்கு ஒருநாள் வந்த நீ, கம்ப்யூட்டர் ஓரத்தில் நான் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சாவிய பூட்டுலயே தொங்கவிட்டுட்டு பூட்டியாச்சுன்னு சொல்லுதியேம்மா" என்றாய். ஆபீஸே சிரித்தது. எனக்குக் கோபம். இவனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், கண்ணுக்குத் தெரியாத திருடனுக்குப் பயந்து சாகிறான் என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். இப்போது நான்தான் பயந்து சாகிறேன். என் திருடன் கண்ணுக்குத் தெரிகிறவன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

இந்த மேப் பழக்கம் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. அப்பா சரக்குத் தோணிக்குத் தலைவராக, தண்டலாகப் போகிறவர். பழைய துறைமுகத்தில் வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பினால், முன்பெல்லாம் போய்ச் சேர்ந்தார் என்று அங்கிருந்து போன் வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது. ஸ்மார்ட் போன் வந்த புதிதில் அவரேதான் ஒருநாள் என் போனை வாங்கி எதையோ செய்து கொடுத்தார். "இந்தா, இனிமே நான் எங்கன நிக்கேன்னு நீயே பாத்துக்க. ஊரெல்லாம் கேட்டு அலையாத" என்றார். அன்று நான் சமைக்கக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் ஒரு வட்டத்துக்குள் துறைமுகத்தை விட்டு மெல்ல நகர்ந்து, முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, சிக்னல் போகிற இடத்தில் நின்றுவிட்டது. தோணி போய்க்கொண்டிருக்கும்; முகம் மட்டும் அங்கேயே நிற்கும். மாலத்தீவில் சிக்னல் கிடைத்ததும் ஒரே தாவலாக அங்கே போய்விடும். நடுவில் உள்ள கடல் முழுவதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நின்றுபோன முகம் எனக்குப் போதுமானதாக இருந்தது. கையில் ஏதோ ஒரு கயிறு இருக்கிற நிம்மதி.

அதற்குப் பிறகு அது நம் குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. விசைப்படகு வைத்திருக்கிற பெரிய மாமா, மதினி, கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன அவள், நீ, எல்லோரும் ஒருவர் போனில் ஒருவர். கடலுக்குப் போகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்து, கடைக்குப் போகிறவர்களையும் பார்த்தோம். மதினி ஒருநாள் எனக்குப் போன் செய்து, "என்ன ஏளா, ஜவுளிக்கடையில இம்புட்டு நேரமா நிக்க, யாருக்குக் கலியாணம்?" என்று கேட்டாள். நாங்கள் அதைப் பாசம் என்றுதான் நினைத்தோம். கடல்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ஆள் எங்கே என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய கெட்டது. வேறு கெட்டது உண்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

உனக்குத்தான் தோன்றியது. கோவில்பட்டியில் நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் ஏன் இன்னும் ரூமுக்குப் போகவில்லை, அந்த டீக்கடையில் என்ன வேலை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை மேப்பைத் திறந்தால் நீ கன்னியாகுமரியில் நிற்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். "எங்கலே நிக்க? பரீட்சய வச்சிக்கிட்டு கன்னியாகுமரியில உனக்கு என்ன வேல?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் உன் போனை எடுத்துக்கொண்டு போயிருந்த உன் சிநேகிதன், "ஆன்ட்டி, அவன் வீட்டுக்கு வந்திருப்பானே" என்றான். திரும்பிப் பார்த்தால் நீ சமையற்கட்டு வாசலில் பையோடு நிற்கிறாய். "போன் எங்கன இருக்குன்னுதான்மா உனக்குத் தெரியும். நான் எங்கன இருக்கேன்னு தெரியாது" என்றாய். அன்றைக்கு உனக்கு விழுந்த அடியை நீ மறந்திருக்கலாம். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த நாட்களில், அவள் முகம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற பொழுதுகளில், அந்த வாக்கியம்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. போன் அங்கே இருக்கிறது. அவள்?

அவள் காணாமல்போன அன்று காலை பெரிய மாமா எனக்குப் போன் செய்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அவர் மேப்பிலும் மதினி மேப்பிலும் அவள் முகம் போய்விட்டதாம். நம்பரும் அணைந்துவிட்டதாம். "உனக்குத் தெரியுதா ஏளா?" என்றார். நான் பார்க்காமலே, "இல்லண்ணே" என்றேன். அவருக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும் என்கிற நினைப்பு. மத்தியானம் ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னதான் ஆயிற்று என்று மேப்பைத் திறந்தால், அவள் இருக்கிறாள். நான்கு வழிச் சாலையில் வேகமாக வடக்கே போய்க்கொண்டிருக்கிறாள். அந்த வட்டத்துக்குள் இருக்கிற படம் உனக்கு நினைவிருக்கிறதா? அவள் கல்லூரி விழாவுக்கு நான் போயிருந்தபோது இருவரும் சேர்ந்து எடுத்தது. என்னை வெட்டிவிட்டு அவள் மட்டும் வைத்திருக்கிறாள்; ஆனாலும் ஓரத்தில் என் நீலச் சேலைத் தோள் கொஞ்சம் தெரியும். என் தோளும் அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டேன். அந்த நிமிடத்தில் அண்ணனுக்குப் போன் செய்து, தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொன்னதாகவே ஆகியிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பயம் என்றுதான் நினைக்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கேட்டார், ஒவ்வொரு நாளும் நான் இல்லை என்றேன். அது நாளுக்கு நாள் கனம் கூடிக்கொண்டே போனது.

பெரிய மாமாவைப் பற்றி நீ தப்பாக நினைத்துக்கொண்டிருப்பாய். நான் பெண்பிள்ளை, கல்லூரிக்கு எதற்கு என்று தாத்தா சொன்னபோது, சாப்பிடாமல் கிடந்து என்னைச் சேர்க்கவைத்தவர் அவர். முதல் நாள் என்னைச் சைக்கிளில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, யாராவது ஏதாவது சொன்னால் தன்னிடம் சொல்லச் சொன்னார். அந்த மனிதர்தான் நீ ஹைதராபாத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்து, உனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீ அங்கே இருந்தாய். ஆனால் நான் எங்கிருந்து பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. காப்பி டம்ளர்களோடு திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"ஏலே, நீ படிச்சிருக்கது இதுக்குத்தானே? ஒரு நம்பர வச்சி ஆள் எங்க நிக்குன்னு பாக்க முடியாதா?" என்றார்.

"அதுக்கு போலீஸ் இருக்கு மாமா."

"போலீஸ்ட்ட போனா மேஜருன்னு சொல்லி என்னயத்தான் வீட்டுக்கு அனுப்புதான். எனக்கு நீதான் வேணும். உனக்குன்னு பேசி வச்ச பிள்ளலே அது. ரோஷம் வேண்டாமா உனக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் என்னைக்கும் அப்பிடி நினைச்சதில்ல மாமா."

"ரெண்டு பேருமா?" என்று அவர் முன்னால் சாய்ந்தார். "அப்போ பேசியிருக்கிய."

அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரி. முடியாதா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"மாட்டேன் மாமா" என்றாய்.

முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். அது பொய்யாக இருந்திருக்கும். ஆனால் வீடு பிழைத்திருக்கும். நான் அன்று உன்மேல் கோபப்பட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, "பெரிய அரிச்சந்திரனாக்கும் நீ" என்று திட்டினேன். நீ துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாய். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முடியாது என்று நீ சொல்லியிருந்தால் அவர் முடிகிற வேறொருவனைத் தேடியிருப்பார், அவ்வளவுதான். மாட்டேன் என்றதால், செய்யக்கூடாத காரியம் என்று ஒன்று இருப்பதை அவர் காதால் கேட்டார். கேட்டவர் திருந்தவில்லை. ஆனாலும் கேட்டார். படியிறங்கும்போது அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். "ஒரு தடவ பாத்தாப் போதும் ஏளா. வேற ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அவர் மட்டும் போவதாக இருந்தால்.

அவர் தனியாகப் போக மாட்டார். மதினியின் தம்பிகள் கூடப் போவார்கள். ஏற்கெனவே போனார்கள், அந்தப் பையனின் ஊருக்கு. பேசிவிட்டு வந்தோம் என்றுதான் மாமா சொன்னார். மதினி பிறகு என்னிடம் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள், அந்தப் பையனின் அப்பாவுக்குக் கை முறிந்துவிட்டதாம்; வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்களாம். "கதவுல இடிச்சிட்டு விழுந்துட்டாராம், வயசான ஆளு" என்றாள். துருவுகிற கை நிற்கவில்லை. நான் அந்தக் கதவை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்துதான் போன் உளுந்து டப்பாவுக்குப் போனது.

போன வாரம் உன்னிடம் போனில் ஒன்று கேட்டேன், நினைவிருக்கும். ஆபீஸில் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் என்று சொல்லிக் கேட்டேன். சிம்மை மாற்றிவிட்டால் மேப்பில் முகம் தெரியாமல் போய்விடுமா என்று. நீ வாத்தியார்போல் விளக்கினாய். சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது மெயில் கணக்கோடு போகிறது, அதே கணக்கில் இருக்கிறவரை யாருக்கெல்லாம் காட்டச் சொல்லி வைத்திருக்கிறோமோ அவர்களுக்கெல்லாம் தெரியும், ஒவ்வொரு ஆளாகத்தான் நிறுத்த வேண்டும் என்றாய். "அப்போ ஒரு ஆள மட்டும் நிறுத்த மறந்துட்டா?" என்று கேட்டேன்.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

"ஆபீஸ்ல. உனக்குத் தெரியாது."

"மறந்திருக்க மாட்டாங்கம்மா. எல்லாரையும் நிறுத்திட்டு ஒரு ஆள மட்டும் விட்டிருந்தா, வேணும்னேதான் விட்டிருப்பாங்க. யாராவது ஒரு ஆளுக்குத் தெரியட்டும்னு."

அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று ஏதேதோ பேசி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷமாகவே அவள் உன்னிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்ததும், பாடத்தில் சந்தேகம் என்று இருவரும் மொட்டைமாடிக்குப் போனதும், நான் வந்தால் பேச்சை நிறுத்தியதும், நானும் மதினியும் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிரித்துக்கொண்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. பெற்றவர்களுக்குத் தெரியாமல், நம்பரை அணைத்து, எல்லா முகத்தையும் ஒரே காலையில் நிறுத்திவிட்டுப் போகிற அளவுக்கு அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மக்கா, நான் உன்னைக் கேட்கவில்லை. நீயும் பதில் எழுதாதே. போனிலும் சொல்லாதே. நீ சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஒருநாள் என் முகத்தில் தெரியும். அண்ணனுக்கு என் முகத்தைச் சின்ன வயதிலிருந்து படிக்கத் தெரியும். உன்மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. ஹைதராபாத் தூரம்தான். அந்தத் தம்பிகளுக்கு அது தூரமில்லை.

நேற்று அவர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மதினியின் தம்பிகளோடு வருவாராம். பழைய பேருந்து நிலையம் பக்கம் போன் கடை வைத்திருக்கிற ஒருவனையும் கூட்டிக்கொண்டு வருவாராம். நம் குடும்பத்துப் பெண்கள் எல்லோருடைய போனையும் திறந்து பார்க்கப்போகிறார்களாம். யாரோ ஒருத்தி அவளோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தம்பிகள் சொல்லிவிட்டார்கள்.

"என் போனையுமாண்ணே?" என்றேன்.

"எல்லாத்தையுந்தான். மறைக்கதுக்கு ஒண்ணுமில்லன்னா உனக்கு என்ன பயம் ஏளா?"

இதே வாக்கியத்தை நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்பில் போனுக்குப் பூட்டுப் போட்டாய் என்று உன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேனே, அன்றைக்கு. மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. "கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணுத இடத்துல எதுக்கும்மா திரை போட்டிருக்கு? சாமியாருக்குத்தான் எல்லாம் சொல்லப்போறோமே" என்று கேட்டாய். வாயை மூடு என்றேன். சாமி காரியத்தை இதில் இழுக்காதே என்றேன். நேற்று அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றபோது என் நாக்கு நுனியில் உன் திரை வந்து நின்றது. சொல்லத் தைரியம் வரவில்லை. "வாங்கண்ணே, தாராளமா பாருங்க" என்றேன். சிரித்ததாகக்கூட ஞாபகம். அவர் போன பிறகு உளுந்து டப்பாவின் மூடியை இறுக்கி வைத்தேன்.

உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாரோ பூட்டுவதை யாரோ திறப்பார்கள், அதை நீ தடுப்பாய் என்று மட்டும் புரிந்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்களில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள். உன்னிடம் கதவைத் திறக்கச் சொல்லி வருகிறவர்கள் திருடர்கள் மாதிரி வர மாட்டார்கள். அழுதுகொண்டு வருவார்கள். பெற்ற வயிறு, கட்டிய மனைவி, கூடப் பிறந்தவன் என்று வருவார்கள். அவர்கள் அழுவதும் நிஜமாகவே இருக்கும். உனக்கு மனசு இளகும். இளகட்டும், கல்லாக ஆகிவிடாதே. ஆனால் அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள். பார்க்க முடியாவிட்டால், நீ மாமாவிடம் சொன்னதையே சொல்.

நான் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. போனைத் தர மாட்டேன் என்று நாளை சொன்னால், அந்த நிமிடமே அவர்களுக்குப் புரிந்துவிடும். போனைத் தொலைத்துவிட்டேன் என்றாலும் புரிந்துவிடும். உளுந்து டப்பா என்றால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கொட்டுவார்கள். அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் முகம் முயல் தீவுக்கு அந்தப் பக்கம் நின்றுபோயிருக்கிறது. நேற்றிலிருந்து எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். பயத்தில் யோசித்தால் மூளை ஓடாது என்பார்கள். எனக்கு அது ஓடுகிற ஓட்டத்தில் தலைதான் வலிக்கிறது.

மேப்பில் அவள் முகத்தைத் தொட்டால் கீழே சில வரிகள் வருகின்றன. அதில் ஒன்று, அவளைத் தடைசெய்ய வேண்டுமா என்று கேட்கிறது. இன்று மத்தியானம் அதுவரை போய்ப் பார்த்தேன். விரல் அங்கே நின்றது. தொட்டுவிட்டால் அவள் முகம் போய்விடும். கடைக்காரன் எப்படித் திறந்தாலும் மேப்பில் அவள் இருக்க மாட்டாள். எனக்கும் இருக்க மாட்டாள். நாளை மறுநாள் காலையில் அவள் எழுந்தாளா, அந்தத் தெருவில் இருக்கிறாளா, கீழே விழுந்தாளா, யாராவது கதவைத் தட்டினார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. யாராவது ஒரு ஆளுக்குத் தெரியட்டும் என்றுதானே அவள் என்னை மட்டும் விட்டு வைத்தாள். அந்த ஒரு ஆளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஒருநாள் அவள் கண்டுபிடிப்பாள். அத்தையும் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைப்பாள். அவளுக்கு எதையும் சொல்ல என்னிடம் வழியில்லை. உன்னிடம் ஒரு வழி இருந்தால், இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, இருந்தால் சொல். அத்தை வெறுத்து நிறுத்தவில்லை என்று சொல். தினமும் பார்த்தாள் என்று சொல். அந்த நீலச் சேலை இன்னும் இருக்கிறது என்று சொல்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லப் போவதில்லை. இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நாளை விடிந்ததும் கடைசியாக ஒரு தடவை அவளைப் பார்ப்பேன். இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். முதல் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பு அவளை நிறுத்திவிடுவேன். பிறகு ஹைதராபாத்துக்கு நகர்ந்து, இப்போது என் போனில் மட்டும் தெரிகிற உன் முகத்தைத் தொட்டு, உன்னையும் நிறுத்துவேன். அந்தத் தம்பிகளுக்காக மட்டும் இல்லை. நீ கேட்டு நான் கொடுக்காமல் இருந்தது அந்தத் திரை. போனை நன்றாகத் துடைத்து, உளுந்து மாவு ஒட்டாமல், கூடத்து மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவேன். அண்ணன் வந்து கேட்டால் என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை எழுந்ததும் கை முதலில் எங்கே போகும் என்று தெரியவில்லை. பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைப்பேனாக இருக்கும்.

அம்மா